கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வரும்? மூன்று ஊர்களை இணைத்த ஒரு கம்பியில்லா வலை

2020-இல் மேட்டூர் அணையை, பல ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, வழக்கமான ஜூன் 12-ஆம் தேதியே திறந்தார்கள். நான்கு நாள் கழித்துக் கல்லணை திறப்பு. மதகிலிருந்து பாய்ந்த தண்ணீரில் நெல்லும் பூவும் தூவியதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது நெஞ்சு நிறைந்தது. ஆனால் கடைமடைக்காரருக்கு அந்தச் செய்தி பாதிதான். தண்ணீர் அவர் மடைக்கு எந்தப் பொழுதில் வந்து நிற்கும்? குறுவைக்குத் துணிந்த சிலர் விதையை ஊறப்போட வேண்டும். முளை கட்டிய விதை ஒரு நாளுக்கு மேல் காத்திருக்காது, மூட்டைக்குள்ளேயே புழுங்கிவிடும். குளத்து மதகைச் சரிசெய்ய வேண்டும். வாய்க்கால் தரையில் மேயும் ஆடுமாடுகளை ஓட்டிவர வேண்டும்.

இந்தக் கேள்விக்கான விடை எந்த அலுவலகத்திலும் எழுதி வைக்கப்படவில்லை. அது மேல் ஊரில் ஷட்டர் பார்க்கும் ஒருவரிடமும், நடு ஊரில் பாலத்தடியில் மாடு கழுவுபவரிடமும், கடை ஊரில் மடை திறந்து அடைக்கும் நீர்கட்டித் தாத்தாவிடமும் துண்டு துண்டாகக் கிடந்தது. ஒருவரிடம் இருந்தது இன்னொருவருக்குத் தெரியாது. அந்தத் துண்டுகள் ஒன்றுசேர்ந்த கதைதான் இந்த ஆய்வு. அந்த வேலையில் நானும் இருந்தேன். கம்பம் நட்டது, ரேடியோவைத் திருப்பி வைத்தது, பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றியது எல்லாம் என் பங்கு.

இடம் திருத்துறைப்பூண்டிக்கும் தலைஞாயிறுக்கும் இடைப்பட்ட பகுதி. வெண்ணாற்றுக் கிளைகளின் பாசனம். ஊர்ப் பெயர்களைப் போட வேண்டாம் என்று அங்குள்ளவர்கள் கேட்டுக்கொண்டதால் மேல் ஊர், நடு ஊர், கடை ஊர் என்றே எழுதுகிறேன். மூன்றும் ஒரே வாய்க்காலில் இருக்கின்றன. மேல் ஊருக்கும் நடு ஊருக்கும் 3 கிலோமீட்டர், நடு ஊருக்கும் கடை ஊருக்கும் 4 கிலோமீட்டர்.

கஜாவுக்குப் பிறகு

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. செல்போன் டவர்கள் ஊமையாகின. 4 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் அக்கா வீட்டில் கூரை நிற்கிறதா என்று தெரிந்துகொள்ள, விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி ஒரு பகல் முழுக்க நடந்தவர்கள் எங்களில் உண்டு. நிவாரண லாரி பெரிய சாலையோடு போய்விடும். உள்ளே தார்ப்பாய் கிடைக்காத தெரு எது, குடிநீர் இல்லாத தெரு எது என்று சொல்ல வழியில்லை.

அப்போது பட்டதுதான்: ஊருக்கும் ஊருக்கும் பேச, தொலைவில் எங்கோ இருக்கும் ஒரு டவரை ஏன் நம்பியிருக்க வேண்டும்? பக்கத்து ஊர் மாடி கண்ணுக்குத் தெரிகிறதே.

இந்த எண்ணம் புதிதில்லை. எங்களுக்கு 20 ஆண்டு முன்னாலேயே புதுச்சேரி வட்டாரத்தில் செய்து பார்த்திருக்கிறார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் சர்வதேச வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் உதவியோடு, 1998-இல் அங்கே கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் நடுமையம். தொலைபேசிக் கம்பி சரியாக இல்லாத காலம் அது. வி.ஹெச்.எஃப். இருவழி ரேடியோ வழியாகவே கிராமங்களுக்குப் பேச்சும் தரவும் போயின. வீராம்பட்டினத்தில் கடல் அலை எவ்வளவு உயரம் இருக்கும் என்ற முன்கணிப்பை அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்து, தமிழில் சொல்லி, கரையில் ஒலிபெருக்கியில் போட்டார்கள். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பவர் கணினி முன்னால் உட்கார வேண்டிய தேவையே இல்லை. ‘நம்ம ஊரு செய்தி’ என்று ஓர் ஏடும் அந்த மையங்களிலிருந்து வந்தது.

2004 டிசம்பர் 26. நல்லவாட்டுக்காரர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்தார். சுனாமிச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்ததும் ஊருக்குப் போன் அடித்தார். ஊரார் அறிவு மையத்தைத் திறந்து, அங்கிருந்த ஒலிபெருக்கியிலேயே எச்சரித்தார்கள். ஊர் பிழைத்தது. ஒலிபெருக்கி அன்றாட மீன் விலைக்கும் அலைச் செய்திக்கும் பழகியிருந்ததால்தான் அன்று யார் கையும் தடுமாறவில்லை என்பது என் எண்ணம். ஆபத்துக்கு மட்டும் என்று பூட்டி வைத்த கருவி ஆபத்து நாளில் வேலை செய்யாது.

நம் டெல்டாவிலும் முன்னோடிகள் உண்டு. 2004 அக்டோபரில் இஸ்ரோவின் செயற்கைக்கோள் இணைப்போடு தொடங்கிய கிராம வள மையங்களில் திருவையாறும் ஒன்று. தானம் அறக்கட்டளையின் களஞ்சியம் சமுதாய வானொலி விழுந்தமாவடியிலிருந்து, சுனாமி பார்த்த கரையோர மக்களோடு அவர்கள் குரலிலேயே பேசியது. இவற்றிலிருந்து நாங்கள் இரண்டு பாடம் எடுத்துக்கொண்டோம். எழுத்தைவிடப் பேச்சு போய்ச் சேரும். கருவி எந்த இடத்தில் இருக்கிறது என்பது, என்ன கருவி என்பதைவிடப் பெரிய விஷயம். இரண்டாவது பாடத்தைக் காதால் கேட்டோமே தவிர மனதில் வாங்கவில்லை. அதற்குப் பட்டதைப் பின்னால் சொல்கிறேன்.

கம்பமும் தட்டும்

வேலை 2019 கடைசியில் தொடங்கியது. 5.8 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ. ஊரில் அதற்குப் பெயர் தட்டு. ஒன்று அப்போது ஐயாயிரம் ரூபாய்க்குள் கிடைத்தது. இந்த அலைவரிசையில், அரசு வகுத்த சக்தி வரம்புக்குள் இருந்தால், தனி உரிமம் வாங்க வேண்டியதில்லை. நம் நாட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸ் 2005-இல் திறந்துவிடப்பட்டது. 5 கிகாஹெர்ட்ஸில் பெரும்பகுதி 2018-இல் திறந்தது. எங்களைப் போன்றவர்கள் கம்பம் நட முடிவதே இந்த இரண்டு முடிவுகளால்தான்.

டெல்டாவில் மலை கிடையாது. தரை தட்டு மாதிரி இருக்கிறது, ரேடியோவுக்கு இதைவிட நல்ல இடம் ஏது என்று முதலில் நினைத்தோம். ஆனால் இங்கே மரம்தான் மலை. இரண்டு ரேடியோவும் ஒன்றையொன்று பார்த்தால் மட்டும் போதாது. நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு வெள்ளரிக்காய் கிடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: நுனிகளில் மெல்லிசு, நடுவில் பருமன். 4 கிலோமீட்டருக்கு, 5.8 கிகாஹெர்ட்ஸில், அந்தக் காயின் நடு ஆரம் 7 மீட்டருக்குச் சற்று மேல். அதில் அறுபது விழுக்காடாவது, அதாவது ஏறக்குறைய 4.3 மீட்டர், நேர்கோட்டுக்குக் கீழே காலியாக இருக்க வேண்டும். எங்கள் கம்பத்து உச்சி தரையிலிருந்து 9 மீட்டர். ஆகவே வழியில் உள்ள எதுவும் நடுவில் 4.7 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது.

தென்னை 15 மீட்டர், அதற்கும் மேல். பிறகு எப்படி இணைப்பு கிடைத்தது? கஜாதான் வழி விட்டது. நடு ஊருக்கும் கடை ஊருக்கும் இடையே இருந்த ஒரு தென்னந்தோப்பு முழுசாகச் சாய்ந்திருந்தது. வேரோடு பெயர்ந்த மரங்களை அறுத்து எடுத்த வெற்றிடத்தின் வழியாகத்தான் எங்கள் முதல் சிக்னல் போனது. தோப்புக்காரர் வரப்பில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் எங்களால் சந்தோஷப்பட முடியவில்லை.

ஊருக்கு ஒரு சிறு கணினி, கையகல ராஸ்பெரி பை. அதில் மெமரி கார்டு. பக்கத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை. செல்போனை வைஃபையில் சேர்த்தால் ஒரு பக்கம் திறக்கும்: பேச, கேட்க, தேட. மூன்று ஊர்க் கணினிகளும் இரவில் ஒன்றிலிருந்து ஒன்று நகல் எடுத்துக்கொள்ளும். நடுவே இணைப்பு அறுந்தாலும் அவரவர் ஊரில் எல்லாம் இருக்கும். தொடங்கும்போது இணைய இணைப்பே கிடையாது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஒளியிழை போடும் திட்டம் அப்போது பேச்சில்தான் இருந்தது. அன்றன்றைய வானிலை அறிக்கையை மட்டும் ஒருவர் தன் செல்போனிலிருந்து ஏற்றிவிடுவார்.

மின்சாரத்துக்குச் சோலார். கடை ஊரில் ஒரு ரேடியோவும் வைஃபையும் கணினியும் சேர்ந்து 12 வாட்டுக்குள். ஒரு நாளைக்கு 288 வாட்-மணி. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியைத்தான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சீக்கிரம் செத்துவிடும். அந்தப் பாதி 600 வாட்-மணி. ஐப்பசி அடைமழையில் வெயிலே இல்லாமல் இரண்டு நாள் ஓடும் என்று கணக்குப் போட்டோம். ஓடியது. பெட்டிக்குள் பல்லி முட்டை வைத்ததும், செவ்வெறும்பு சுவிட்ச் முனையைக் கடித்ததும் எந்தக் கணக்கிலும் வராத தொல்லைகள். உப்புக் காற்றில் கம்பத்து நட்டும் போல்ட்டும் ஆறு மாதத்தில் துருப்பிடித்தன. கிரீஸ் பூசித் துணி சுற்றிக் கட்டிய பிறகு நிற்கின்றன.

ரெக்கார்டு அக்கா

கருவி எல்லாம் சரி, பேச ஆள் வரவில்லை. முதலில் நான் செய்தது ஒரு படிவம்: பெயர், ஊர், பயிர், ரகம், பிரச்சினை என்று கட்டம் கட்டமாக. ஒருவரும் தட்டச்சு செய்யவில்லை. வயல் வேலை முடிந்து வருகிற கைக்கு அது தோதான வேலையா? மூன்று மாதம் வீணானது. பிறகு படிவத்தை எடுத்துவிட்டு ஒரே ஒரு பொத்தான் வைத்தோம். அழுத்தினால் பேசலாம். ஒரு நிமிடப் பேச்சுக்கு 120 கிலோபைட் போதும்படி சுருக்கினோம். 32 ஜி.பி. கார்டில் ஆயிரக்கணக்கான மணி நேரப் பேச்சு கொள்ளும்.

அப்போதும் பேச்சு தானாக வந்துவிடவில்லை. மாற்றியது கடை ஊர்ப் பெண் ஒருவர். பிளஸ் டூ படித்துவிட்டு நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். செல்போனை எடுத்துக்கொண்டு வரப்புக்கே போனார். நடவு நடக்கும் வயலுக்கு, டீக்கடைக்கு, ரேஷன் கடை வரிசைக்கு. சில வாரத்தில் அவருக்கு ரெக்கார்டு அக்கா என்று பெயரே வந்துவிட்டது. பேசியவரிடம் மூன்று விஷயம் கேட்காமல் விடமாட்டார்: எந்த இடம், எந்த நாள், நீங்களே பார்த்ததா கேள்விப்பட்டதா? இந்த மூன்றும் இல்லாத பேச்சு ஊர்வம்பு. இந்த மூன்றும் இருந்தால் அடுத்த ஆண்டு எடுத்துப் பார்க்கலாம். எங்கள் வலையில் சேர்ந்ததை அறிவு என்று சொல்ல எனக்குத் துணிவு தருவது அந்த மூன்று கேள்விகள்தான்.

வாட்ஸ்அப் இருக்கும்போது இது எதற்கு என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. வாட்ஸ்அப்பில் போன ஆண்டு கார்த்திகையில் புகையான் பூச்சியைப் பற்றி யார் என்ன சொன்னார் என்று தேடி எடுங்கள் பார்ப்போம். காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்திருக்கும். போன் மாறினால் போயே போய்விடும். இங்கே எல்லாம் ஊர்க் கணினியில், அதாவது ஊர் அலமாரியில், நாள்வாரியாக, இடவாரியாக இருக்கிறது. பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்காக மாலை ஆறரைக்கு ரேஷன் கடை மேல் இருக்கும் குழாய் ஒலிபெருக்கியில் அன்றைய பேச்சில் இரண்டு மூன்றைப் போடுகிறோம். வீராம்பட்டினம் கற்றுக்கொடுத்த வழி.

நீர்கட்டித் தாத்தாவிடம் ரெக்கார்டு அக்கா எடுத்த முதல் பதிவை இன்றும் அடிக்கடி கேட்கிறேன். மடைப் பலகையில் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் காற்றுச் சத்தம்.

“தாத்தா, தண்ணி வர்றது உங்களுக்கு முன்னாடியே எப்படித் தெரியும்?”

“மடையான் சொல்லும் ஆயி.”

“மடையானா? அந்தக் கொக்கா?”

“ஆமா. வறண்டு கெடக்கற வாய்க்கால்ல வெடிப்பு வெடிப்பா இருக்கும். அதுக்குள்ள பூச்சி, வண்டு, நண்டுக்குஞ்செல்லாம் கெடக்கும். தண்ணி வந்து வெடிப்புல எறங்குனா எல்லாம் மேல ஏறும். அதத் தின்னத்தான் மடையான் வரும். கரையில வரிசையா மடையான் நின்னா தண்ணி கூப்புடு தூரத்துல வந்துடுச்சுன்னு அர்த்தம். அப்பறம் நொர வரும், சருகு வரும், கடைசியிலதான் தண்ணி.”

“கூப்புடு தூரம்னா எத்தன மணி நேரம் தாத்தா?”

“மணியெல்லாம் எனக்குத் தெரியாது. காஞ்ச வாய்க்கா மொதல்ல தான் குடிச்சிட்டுத்தான் நமக்கு விடும்.”

தண்ணீர்க் கணக்கு

தாத்தாவுக்குத் தெரியாத மணியை வலை கொடுத்தது. 2020 ஜூனில் மேல் ஊர் ஷட்டரில் தண்ணீர் விழுந்ததும் அங்கிருந்த தம்பி ஒருவர் பேசிப் பதிந்தார். நடு ஊர்ப் பாலத்தடியைத் தொட்டதும் அங்கிருந்து ஒரு பதிவு. கடை ஊரில் மடையான் நின்றபோது ஒன்று, நுரை வந்தபோது ஒன்று, மடையில் முழங்கால் தண்ணீர் நின்றபோது ஒன்று. பதிவு செய்த நேரத்தைக் கணினியே குறித்துக்கொள்ளும். ஐந்து பேச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது ஊருக்கே முதல் முறையாக ஒரு கணக்கு தெரிந்தது. வறண்ட வாய்க்காலில், மேல் ஊரிலிருந்து கடை மடைக்கு இரண்டு பகல், ஒரு இரவு. அதற்குப் பத்து நாள் கழித்து, முறை வைத்து அடைத்துத் திறந்தபோது, ஈரமாக இருந்த அதே வாய்க்காலில் ஒரே இரவு. காய்ந்த தரை முதலில் தான் குடிக்கும் என்று தாத்தா சொன்னதன் அளவு இது.

அடுத்தடுத்த ஆண்டுகளில் கணக்கு இன்னும் செறிவானது. 2022-இல் மேட்டூரை மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். எங்கள் வாய்க்காலில் தூர் வாரும் வேலை முடிவதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. அந்த முறை நடு ஊருக்குக் கீழே தண்ணீர் மிக மெதுவாக நகர்ந்தது. காரணம், நெய்வேலிக் காட்டாமணக்கும் வெங்காயத் தாமரையும் அடைத்த ஒரு நீட்டம். அதுவரை கடை ஊர்க்காரர்கள், மேல் ஊர்க்காரர்கள் மடையைத் திறந்துவிட்டுத் தண்ணீரைத் திருடுகிறார்கள் என்றே சொல்லிவந்தார்கள். பதிவுகளைப் பார்த்தால் மேல் ஊரில் தண்ணீர் தங்கவில்லை. இரண்டு ஊருக்கும் நடுவில், யாருடைய பொறுப்பிலும் இல்லாத அந்த அரை கிலோமீட்டரில்தான் நின்றது. இரு ஊராரும் சேர்ந்து அரிவாளோடு இறங்கி வெட்டினார்கள். இந்த வலை செய்த வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பல காலமாக ஒருவரையொருவர் சந்தேகித்த இரண்டு ஊர், ஒரே வாய்க்காலைப் பார்த்தது.

2024-இல் ஜூன் 12-க்கு அணையில் போதிய தண்ணீர் இல்லை. ஜூலை 28-இல்தான் திறந்தார்கள். அந்த நேரம் எங்களிடம் கணக்கு இருந்தது. மேல் ஊர் ஷட்டரில் தண்ணீர் விழுந்த பதிவைக் கேட்டுவிட்டு, கடை ஊரில் குளத்து மதகைப் பழுதுபார்க்க எத்தனை பொழுது மிச்சம் என்று ஆட்கள் தாங்களே சொன்னார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை.

புரெவி மழை

2020 டிசம்பர் முதல் வாரத்தில் புரெவிப் புயல் மன்னார் வளைகுடாப் பக்கம் நின்றுகொண்டு டெல்டாவில் கொட்டித் தீர்த்தது. சம்பா மூழ்கியது. ஈரத் தென்னங்கீற்று அலையைக் குடித்ததில் மேல் ஊர் இணைப்பு மூன்று நாள் விட்டுவிட்டு வந்தது. ஆனால் அந்தந்த ஊர் அலமாரி நின்றது, வயல்களிலிருந்து பேச்சு வந்துகொண்டே இருந்தது.

அந்த நாட்களில் வந்த பேச்சில் பாதி வடிகாலைப் பற்றியது. தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலை எல்லோருக்கும் தெரியும். தண்ணீரை வெளியே எடுக்கும் வடிவாய்க்கால் எங்கே போகிறது என்பது வயதானவர்களுக்குத்தான் தெரியும். பாதி வடிகால் தூர்ந்து, மேலே சாலை போட்டு, வீடு கட்டி மறைந்துவிட்டது. ஒரு பாட்டி, அந்தக் காலத்தில் இன்ன புளியமரத்தடியில் ஒரு குழாய் மதகு இருந்தது என்று பேசினார். தோண்டிப் பார்த்தார்கள். மண்ணுக்கடியில் மதகு இருந்தது. திறந்துவிட்டதும் அந்தக் கட்டளையில், அதாவது அந்த வயல் தொகுதியில், தண்ணீர் ஒரு நாளில் முழங்காலிலிருந்து கணுக்காலுக்கு இறங்கியது. பிறகு அந்தப் பாட்டியையும் இன்னும் சிலரையும் வண்டியில் ஏற்றி வடிகால் வழியே கூட்டிப்போய், நின்று நின்று பேசவைத்துப் பதிவு செய்தோம். ஊரின் வடிகால் வரைபடம் எங்களிடம் இருப்பது இப்படி, குரலாகத்தான்.

ரகங்களைப் பற்றியும் ஒரு நீண்ட வாக்குவாதம் பதிவாகியிருக்கிறது. சி.ஆர். 1009 சப்-1 வெள்ளத்தைத் தாங்கும் ரகம். இளம்பயிராக இருக்கும்போது ஏறக்குறைய இரண்டு வாரம் மூழ்கிக் கிடந்தாலும் மறுபடி துளிர்க்கும். ஒருவர் அது காப்பாற்றியது என்றார். இன்னொருவர் அதே ரகம் தன்னைக் கைவிட்டது என்றார். இருவரும் விதைத்த நாளைச் சொன்னபோதுதான் விளங்கியது. முன்னவர் பயிர் தூர் கட்டும் பருவத்தில் இருந்தது, மற்றவருடையது முன்பட்ட விதைப்பு, பூட்டைக்கு, அதாவது கதிர் வெளிவரும் தறுவாய்க்கு, வந்துவிட்டது. பூக்கும் தருணத்தில் மூழ்கினால் அந்தக் குணம் கைகொடுக்காது என்பது ஆராய்ச்சியாளர்களுக்குத் தெரிந்த விஷயம். ஆனால் எங்கள் ஊரில், எங்கள் மழையில், எந்தத் தேதிக்குப் பிறகு விதைத்தால் பிழைக்கும் என்பதை அந்த இரண்டு குரல்கள்தான் சொல்லின. உப்பு ஏறும் கிழக்குக் கட்டளைக்காரர் மூன்றாவதாகப் பேசினார். அவருக்குக் குடவாழைதான், புழுதியில் விதைத்து மழையில் முளைக்கவிட்டால் போதும் என்றார். மூன்றையும் சேர்த்தே அலமாரியில் வைத்திருக்கிறோம். எது சரி என்று நாங்கள் தீர்ப்புச் சொல்லவில்லை. இடமும் நாளும் தெரிந்தவருக்கு விடை தெரிந்துவிடும்.

தவறாகப் போனவை

முதல் வைஃபையைக் கடை ஊர்க் கோயில் மண்டபத்தில் வைத்தோம். மின்சாரம் இருந்தது, நிழல் இருந்தது, எல்லோரும் வந்து உட்காரும் இடம் என்று நினைத்தோம். எல்லோரும் வரவில்லை. காலனித் தெருவிலிருந்து ஒருவர்கூட மண்டபப் படியேறவில்லை. நடவும் களையும் அறுப்பும் செய்பவர்கள் அவர்கள். எந்த வயலில் நாற்று வேர்பிடிக்கிறது, எந்த வயலில் கால் வைத்ததும் சேறு நாறுகிறது என்று வயலின் சொந்தக்காரரைவிட நன்றாகத் தெரிந்தவர்கள். முதல் ஆறு மாதப் பதிவுகளில் அவர்கள் குரல் அநேகமாக இல்லை. அந்த ஆறு மாதம் நாங்கள் சேர்த்தது ஊர் அறிவு இல்லை, பாதி ஊரின் அறிவு. புதுச்சேரியில் மையம் அமைக்க இடம் தேடியபோதே, எல்லாச் சாதியினரும் தயங்காமல் வரக்கூடிய இடமாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்திருந்தார்கள். படித்திருந்தும் நாங்கள் வசதியான இடத்தைத் தேர்ந்தெடுத்தோம். அது எங்கள் குற்றம். பிறகு காலனித் தெரு அங்கன்வாடி மாடியில் இரண்டாவது தட்டு வைத்தோம். ரெக்கார்டு அக்காவோடு அந்தத் தெருப் பெண் ஒருவரும் சேர்ந்தார். நடவுக் குழு அக்காக்களின் பதிவுகள் அதன் பிறகுதான் வந்தன. இயந்திர நடவில் எந்த மூலை விடுபடும், அதை நிரப்ப எத்தனை ஆள் வேண்டும், அதற்குக் கூலி பேசும்போது எதைச் சொல்லிப் பேச வேண்டும் என்று அவர்கள் பேசியதைக் கேட்டு நிலக்காரர்கள் சிலருக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அந்தப் பதிவுகளை நாங்கள் நீக்கவில்லை.

இன்னொன்று இதைவிட வலிக்கும். நெல் கொள்முதலில் ஈரப்பத வரம்பு 17 விழுக்காடு. 2021 பொங்கலையொட்டிப் பெய்த மழையில், அறுக்க வேண்டிய கதிர் சாய்ந்து வயலிலேயே முளைத்தது. நனைந்த நெல்லோடு ஒரு கொள்முதல் நிலையத்தில் நாள் கணக்கில் காத்திருந்த பெண் ஒருவர், அங்கே மூட்டைக்கு எவ்வளவு கேட்டார்கள் என்று பேசிப் பதிந்தார். யாரோ அதைச் செல்போனில் மறுபதிவு செய்து வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டார்கள். குரலை அடையாளம் கண்டுகொண்டார்கள். அவர் நெல் எடைக்குப் போக இன்னும் நாலு நாள் ஆனது. “ஊருக்குத்தான் சொன்னேன் தம்பி, உலகத்துக்கா சொன்னேன்?” என்று அவர் என்னிடம் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அதற்குப் பிறகு அலமாரி இரண்டானது. ஒன்று வீட்டலமாரி. அதைத் திறக்க அந்தந்தத் தெருவின் கடவுச்சொல் வேண்டும். மற்றது திண்ணை அலமாரி, யாரும் கேட்கலாம். எதில் வைப்பது என்று பேசியவரே சொல்ல வேண்டும், பின்னால் மனம் மாறினால் எடுத்துவிடவும் சொல்லலாம். கூலி, கடன், கொள்முதல், உடம்பு பற்றிய பேச்சு தானாகவே வீட்டலமாரிக்குப் போகும். மருந்துக் கடைக்காரர் ஒருவர் விவசாயி பேசுவது போலத் தன் சரக்கைப் புகழ்ந்து பதிந்ததும் நடந்தது. கம்பெனிப் பெயர் சொல்லும் பதிவு ஒலிபெருக்கியில் போகாது என்று மூன்று ஊரும் கூடி முடிவு செய்தன.

பொது முடக்கக் காலத்தில் பள்ளிகள் மூடியபோது பாடநூல்களையும், இணையம் இல்லாமலே படிக்கும்படி இறக்கிய தமிழ் விக்கிப்பீடியாவையும் கணினியில் ஏற்றினோம். பிள்ளைகள் மண்டபத்திலும் அங்கன்வாடி நிழலிலும் உட்கார்ந்து படித்தார்கள். நன்றாகவே பயன்பட்டது. ஆனால் அது வெளியிலிருந்து வந்த அறிவு. இந்த ஆய்வு வேறு ஒன்றைப் பற்றியது.

இப்போது

நடு ஊருக்கு ஒளியிழை வந்துவிட்டது. வானிலை அறிக்கையைக் கையால் ஏற்றும் வேலை போனது. பதிவுகள் இன்னும் ஊர்க் கணினிகளில்தான் இருக்கின்றன, வெளியே ஒரு நகல் மட்டும். ரெக்கார்டு அக்காவுக்கு மாதம் ஒரு தொகை கொடுக்க மூன்று ஊரும் அறுவடைக்கு ஒரு மரக்கால் நெல் என்று ஒதுக்குகின்றன. போதாது. அவர் வேலையை இயந்திரம் செய்யும் என்று சொல்பவர்கள் வரப்பில் ஒரு நாள் அவரோடு நடந்து பார்க்க வேண்டும்.

நடு ஊர், கடை ஊர் இணைப்பு சில மாதமாக மங்கி வருகிறது. மழைக்குத்தான் என்று முதலில் நினைத்தோம். வெயிலிலும் சரியாகவில்லை. நடந்து போய்ப் பார்த்தோம். கஜாவில் சாய்ந்த அந்தத் தோப்பில் மறுபடி நட்ட கன்றுகள் ஓலை நுனியோடு 7 மீட்டர் வந்துவிட்டன. நாங்கள் வெள்ளரிக்காய்க்கு ஒதுக்கிய இடத்தில் பச்சைப் பசேலென்று நிற்கின்றன. இப்போதைக்குக் கம்பத்தை 3 மீட்டர் உயர்த்தினால் தாங்கும். மரம் இன்னும் ஏறும், கம்பம் அதோடு போட்டிபோட முடியாது.

தோப்புக்காரரிடம் சொல்லத் தயங்கி நின்றோம். அவரே கேட்டார்: “என் மரம் மறைக்குதா தம்பி?”

“ஆமாண்ணே.”

கொஞ்ச நேரம் மரங்களைப் பார்த்தார். தோப்பின் நடுவில், மோட்டார் கொட்டகை மேல், ஒரு கம்பம் நட்டு இரண்டு பக்கமும் தட்டு வைத்தால் சரியாகுமா என்று கேட்டார். சரியாகும். இரண்டு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டராகப் பிரிந்துவிடும், காயும் மெலியும், இரண்டு பக்கமும் வயல்வெளிதான். கொட்டகையில் மின்சாரமும் இருக்கிறது. அப்புறம் அவர் ரெக்கார்டு அக்காவைக் கூப்பிட்டு, கன்று வாங்கிய இடம், நட்ட நாள், எந்த வரிசை உப்புத் தண்ணீருக்குத் தாங்கியது, எது தாங்கவில்லை என்று மரம் மரமாகக் காட்டிப் பேச ஆரம்பித்தார். பதிவு இருபது நிமிடம் போனது. வரும் ஞாயிற்றுக்கிழமை கொட்டகை மேல் கம்பம் நடுகிறோம்.